டிராக்டர் ஃபில்டர்: எதைக் கம்பெனிப் பெட்டியில் வாங்குவது, எதில் காசை மிச்சம் பிடிப்பது

ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் "ஆயில் ஃபில்டர் ஒண்ணு குடுங்கண்ணே" என்றால் திரும்பி வரும் முதல் கேள்வி, "ஒரிஜினலா, லோக்கலா?" இதற்கு எல்லா ஃபில்டருக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருப்பவர்கள்தான் அதிகம். சிலர் எதுவானாலும் ஷோரூம் பெட்டிதான் என்பார்கள். சிலர், ஃபில்டர் என்றால் தகர டப்பாவும் காகிதமும்தானே, அதற்கு எதற்கு அவ்வளவு காசு என்பார்கள். மன்னார்குடிப் பக்கம் இரண்டு வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். எனக்கு இந்த இரண்டு பதிலும் ஒத்துவரவில்லை. வண்டியில் உள்ள ஒவ்வொரு ஃபில்டருக்குப் பின்னாலும் வேறு வேறு பொருள் இருக்கிறது. அது கெட்டால் எவ்வளவு போகும் என்று பார்த்துத்தான் எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது என்று முடிவு செய்கிறேன்.

என் வண்டிகளில் ஒன்று பழைய மாஸி 1035. சிம்சன் எஞ்சின், மெக்கானிக்கல் டீசல் பம்ப், ஆயில் பாத் ஏர் கிளீனர் (காற்றை ஆயில் கிண்ணம் வழியாக விட்டுத் தூசியைப் பிடிப்பது). இன்னொன்று 50 ஹெச்பிக்கு மேல், பேலர் (வைக்கோலைக் கட்டாகக் கட்டும் மெஷின்) இழுக்க வாங்கியது, சிஆர்டிஐ. அதாவது டீசலை ரெயில் என்ற பொதுக் குழாயில் அதிக அழுத்தத்தில் சேர்த்து, இன்ஜெக்டர் வழியாக எஞ்சினுக்குள் பீய்ச்சும் வகை. 2023 ஜனவரி 1 முதல் 50 ஹெச்பிக்கு மேலான டிராக்டருக்கு ட்ரெம்-4 புகை விதி வந்துவிட்டதால், அதற்குப் பிறகு வந்த பெரிய வண்டிகளில் பெரும்பாலும் சிஆர்டிஐதான். சின்ன வண்டிகளில் இன்னும் பழைய பம்ப் ஓடுகிறது. உங்கள் வண்டி இதில் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே சொல்வதில் பாதி அதைப் பொறுத்தது.

கடையில் இருப்பது இரண்டு வகை இல்லை, நான்கு

முதலாவது டிராக்டர் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டி. டிராக்டர் கம்பெனிகள் பொதுவாக ஃபில்டரைத் தாங்களே செய்வதில்லை. இந்த அளவு, இந்தக் காகிதம், இந்த வால்வு என்று கேட்டு ஃபில்டர் கம்பெனிகளிடம் செய்து வாங்குகிறார்கள்.

இரண்டாவது ஃபில்டர் கம்பெனியே தன் பெயரில் விற்கும் பெட்டி. போஷ், ஃப்ளீட்கார்டு, எலோஃபிக், பியூரோலேட்டர், டொனால்ட்சன் மாதிரி. எங்கள் பக்கத்துப் பெரிய மெக்கானிக்குகள் இன்னும் "மைக்கோ" என்றுதான் கேட்பார்கள். மைக்கோ 2008-லேயே போஷ் என்று பெயர் மாறிவிட்டது, கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் போஷ் பெட்டியை எடுத்துக் கொடுப்பார். இந்த இரண்டாம் வகையில்தான் நியாயமாகக் காசு மிச்சமாகும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் பழைய ஃபில்டரின் பார்ட் நம்பர் அந்தக் கம்பெனியின் கேட்லாக்கில் இருக்க வேண்டும். "இதே சைஸ்தான் தம்பி, போட்டுக்கலாம்" என்ற பேச்சு கேட்லாக் ஆகாது. மரை ஒன்றாக இருக்கும், டப்பாவின் உயரமும் ஒன்றாக இருக்கும், உள்ளே பைபாஸ் வால்வு (ஃபில்டர் அடைத்தால் ஆயிலை வடிகட்டாமலே விடும் வழி) வேறு பிரஷரில் திறக்கும். அது வெளியே இருந்து பார்த்தால் தெரியாது.

மூன்றாவது லோக்கல். பெட்டியில் ஏதோ ஒரு பெயர் இருக்கும், செய்தவர் யார், எங்கே என்று இருக்காது.

நான்காவது முதல் இரண்டின் போலி. லோக்கலை விட இதுதான் மோசம். லோக்கல் வாங்குகிறவருக்கு லோக்கல் என்று தெரியும், சீக்கிரம் மாற்றிவிடுவார். போலி வாங்கியவர் ஒரிஜினல் போட்டிருக்கிறோம் என்று நம்பி, மாற்ற வேண்டிய 250 மணி நேரம் வரைக்கும் ஓட்டுவார்.

காற்று

ஏர் ஃபில்டரில்தான் நான் ரொம்பக் கறார். சம்பா அறுவடை முடிந்து, தை மாசியில் வயல் காய்ந்த பிறகு பேலர் ஓட்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வைக்கோல் தூசி கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் அதில் பெரும்பகுதியை முன்னால் இருக்கும் வலையும் ப்ரீ கிளீனருமே தடுத்துவிடும். எஞ்சினைத் தின்பது அதோடு சேர்ந்து எழும்பும் பொடி மண். அது உள்ளே போனால் சிலிண்டர் லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்த்துவிடும். அப்புறம் ஆயில் குறையும், புகை வரும், பிக்கப் போகும், எஞ்சினைப் பிரித்துச் செய்யும் போர் வேலைதான்.

1035-இல் ஆயில் பாத் என்பதால் அங்கே ஒரிஜினலா லோக்கலா என்ற பேச்சே எழாது. மாற்றக் காகிதம் கிடையாது. கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றை வழித்து, டீசலில் கழுவித் துடைத்து, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேலே போனால் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சும், கீழே குறைந்தால் தூசியைப் பிடிக்காது. புழுதியில் ஓடும் நாட்களில் தினமும் திறந்து பார்ப்பேன். இதில் காசு கொடுத்து நல்லதாக வாங்க வேண்டியவை கிண்ணத்து வாஷரும், கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸும்தான். ஹோஸில் சின்ன வெடிப்பு இருந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போகும். ஆயில் பாத் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

ட்ரை டைப், அதாவது ஆயில் இல்லாத காகித ஃபில்டர் என்றால் உள்ளே இரண்டு ஃபில்டர் இருக்கும், வெளி ஃபில்டர், உள் ஃபில்டர். லோக்கல் வெளி ஃபில்டரில் காகிதம் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், சீல் கெட்டால் சமாளிக்க முடியாது. வாயில் இருக்கும் மெத்தென்ற வளையத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே எழ வேண்டும். கட்டையாக இருந்தால் அது உட்காராது. பிறகு பழைய ஃபில்டரையும் புதியதையும் சமதரையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி உயரம் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் மூடியின் கிளிப் மாட்டிக்கொள்ளும், உள்ளே சீல் மட்டும் பிடிக்காது. மாட்டி ஒரு நாள் ஓட்டிய பிறகு ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் பக்கம் போகும் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் தெரிந்தால் அந்த ஃபில்டர் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வேண்டாம்.

உள் ஃபில்டரைக் கம்பெனிப் பெட்டியில் மட்டுமே வாங்குகிறேன். வெளி ஃபில்டர் கிழிந்தாலோ, சீல் விட்டாலோ எஞ்சினுக்கு மிச்சம் இருக்கும் காவல் அது ஒன்றுதான். அதைக் காற்றடித்து சுத்தம் செய்யக் கூடாது, நேரே மாற்றத்தான் வேண்டும். எத்தனை மணிக்கு என்று வண்டியின் புத்தகத்தில் இருக்கும். வெளி ஃபில்டர் மூன்று முறை மாறினால் இது ஒரு முறை மாற்றுவது வழக்கம். பிக்கப் கிடைக்கும் என்று இதைக் கழற்றி வீசிவிட்டு ஓட்டச் சொல்லும் ஆட்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், எஞ்சின் அவர்களுடையது இல்லை.

வெளி ஃபில்டரைச் சுத்தம் செய்யும்போது பஞ்சர் கடைக் கம்ப்ரசரை நேராகக் காகிதத்தில் வைக்காதீர்கள். அதில் இருப்பது 100 பிஎஸ்ஐக்கு மேல். காகிதத்துக்கு 30 பிஎஸ்ஐ போதும், அதுவும் உள்ளிருந்து வெளியே, துப்பாக்கியைத் தள்ளிப் பிடித்து. பிறகு இருட்டில் ஃபில்டருக்குள் பல்பு விட்டுப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது குப்பைக்குத்தான். தினமும் மாலையில் கழற்றி டயரில் தட்டி வைக்கும் பழக்கம் நம்மூரில் அதிகம். வேண்டாத வேலை. மேலே லேசாகத் தூசி படிந்த காகிதம் புத்தம் புதுக் காகிதத்தை விட நன்றாகப் பிடிக்கும். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் கொஞ்சம் மண் உள்ளே விழும், அடி வாங்கிய தகரம் நெளிந்து சீலும் போகும். ஃபில்டர் அடைத்ததைக் காட்டும் இண்டிகேட்டர் சிவப்பு ஆனபிறகு கழற்றினால் போதும். தினமும் செய்ய வேண்டியது, அடியில் இருக்கும் ரப்பர் மூக்கை அமுக்கிச் சேர்ந்த தூசியைக் கொட்டுவது மட்டும்.

டீசல்

இங்கே இரண்டு வண்டிக்கும் இரண்டு நியாயம்.

சிஆர்டிஐ வண்டிக்கு டீசல் ஃபில்டர் கம்பெனிப் பெட்டிதான், பேரம் கிடையாது. ரெயிலில் பிரஷர் ஆயிரம் பாரைத் தாண்டிப் போகும். இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளியை மைக்ரானில்தான் அளப்பார்கள், நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் தடிமன். கண்ணுக்குத் தெரியாத மண்ணும் ஒரு சொட்டுத் தண்ணீரும் போதும், இன்ஜெக்டர் போய்விடும். ஒரு இன்ஜெக்டர் விலையில் பல வருஷத்துக்கு வேண்டிய ஃபில்டர் வாங்கலாம். இதில் லோக்கல் போட்டு மிச்சம் பிடிப்பது சில நூறு ரூபாய்.

1035-இல் இரண்டு கிண்ணம். முதல் ஃபில்டர் கரடு, இரண்டாவது மெல்லிய காகிதம். இதற்குப் பெயருள்ள ஃபில்டர் கம்பெனியின் செட் தாராளமாகப் போதும், நான் அதைத்தான் போடுகிறேன். பழைய பம்ப்தானே, எதுவும் ஓடும் என்று நினைத்து லோக்கலுக்குப் போக வேண்டாம். அந்தப் பம்பிலும் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டுக்கும், அது ஓடும் பேரல் குழாய்க்கும் நடுவே இருப்பது ஒருசில மைக்ரான்தான். பம்பைக் கலிபரேஷனுக்குக் கழற்றினால் பணம் போவதோடு, நடவு நேரத்தில் வண்டி நிற்கும்.

எந்த ஃபில்டர் போட்டாலும் டீசல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கேனிலும் பேரலிலும் வாங்கி வைப்பவர்கள் அதன் அடியில் சேரும் தண்ணீரையும் துருவையும் டேங்கில் கவிழ்த்துவிட்டு ஃபில்டர் கம்பெனியைத் திட்டுகிறார்கள். பேரலின் அடியில் நான்கு விரற்கடை டீசலை ஒருபோதும் எடுக்காதீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

மாட்டும்போது ஒரு விஷயம். சிஆர்டிஐ வண்டியில் புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பாதீர்கள். நடு ஓட்டையில் ஊற்றுகிற டீசல் வடிகட்டப்படாமல் நேராகப் பம்புக்குப் போகும். காலியாக மாட்டி, கை பம்பை அடித்து ஏர் எடுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகும், அவ்வளவுதான்.

ஆயில்

மிச்சம் பிடிக்க நல்ல இடம் இது. கேட்லாக்கில் உங்கள் நம்பர் இருந்தால் பெயருள்ள ஃபில்டர் கம்பெனியின் ஆயில் ஃபில்டரைப் பயமில்லாமல் போடலாம். வாரண்டி முடியும் வரை மட்டும் ஷோரூம் பெட்டி வாங்கி, பில்லை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் ஏதாவது வந்தால் "வெளிக் கடை ஃபில்டர் போட்டீங்க" என்ற வாக்குவாதத்துக்கே இடம் இருக்காது.

லோக்கலில் என்ன குறைகிறது என்று தெரிய வேண்டுமானால் அறுத்துப் பாருங்கள். வேறு வழியே இல்லை. நான் ஒரு கம்பெனி ஃபில்டரையும், கடையில் சும்மா கிடைத்த ஒரு லோக்கல் ஃபில்டரையும் ஹேக்சா பிளேடால் அறுத்துப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலை மிச்சம். கம்பெனி ஃபில்டரில் காகித மடிப்பு நெருக்கமாக, ஒரே இடைவெளியில் இருக்கிறது. லோக்கலில் மடிப்பு குறைவு, ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டியிருக்கிறது. மடிப்பு குறைந்தால் காகிதப் பரப்பு குறையும், சீக்கிரம் அடைக்கும், அடைத்தால் பைபாஸ் திறந்து அழுக்கு ஆயில் அப்படியே எஞ்சினுக்குப் போகும். காகிதம் சேரும் தையலையும் பாருங்கள். அங்கே பசை விட்டிருந்தால் வடிகட்டுவது வெறும் பெயருக்கு.

மரைப் பக்கம் உள்ளே ஒரு ரப்பர் தட்டு இருக்கும். எஞ்சின் நின்றபின் ஆயில் திரும்ப வடியாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஃபில்டர் படுக்கையாகவோ தலைகீழாகவோ மாட்டப்பட்ட வண்டியில் இது முக்கியம். அந்த ரப்பர் கட்டையாகவோ நெளிந்தோ இருந்தால் ராத்திரி முழுக்க ஆயில் வடிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் லைட் அணைய வழக்கத்தை விட நேரம் எடுத்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். அந்தச் சில விநாடிகள் பேரிங் ஆயில் இல்லாமல் சுற்றுகிறது. மரை மேலே பார்த்து, டப்பா கீழே தொங்குகிற மாதிரி மாட்டும் வண்டியில் இந்தத் தொல்லை குறைவு.

ஓடின ஃபில்டரை அறுத்து உள்ளே இரும்புத் தூள் இருக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் ஹேக்சா போடக் கூடாது. அறுத்த தூளே உள்ளே விழுந்து குழப்பும். டப்பா திறக்கிற மாதிரி சுற்றி வெட்டும் ஃபில்டர் கட்டர் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியில் "10 மைக்ரான்" என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 10 மைக்ரான் துகளில் எத்தனை சதவீதத்தைப் பிடிக்கும் என்பதுதான் கணக்கு. பாதியைப் பிடிக்கிற ஃபில்டரும் 10 மைக்ரான் என்று எழுதிக்கொள்ளும், 99.5 சதவீதம் பிடிப்பதும் அப்படியே எழுதிக்கொள்ளும். கேட்லாக்கில் பீட்டா என்று ஒரு எண் இருந்தால் பாருங்கள். பீட்டா 2 என்றால் பாதிதான் பிடிக்கும், பீட்டா 200 என்றால் இருநூறில் ஒன்றுதான் தப்பிக்கும். ஆயில் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 4548-12, ஏர் ஃபில்டருக்கு ஐஎஸ்ஓ 5011, டீசலுக்கு ஐஎஸ்ஓ 19438 என்று சோதனை முறைகள் உண்டு. இந்த எண்களைச் சொல்லி விவரம் கேட்டால் பதில் சொல்கிற கம்பெனி ஒன்று, பேச்சை மாற்றுகிற கம்பெனி ஒன்று. எதை வாங்குவது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஹைட்ராலிக்

பல வண்டிகளில் கியர் பாக்ஸ், லிஃப்ட், ஆயில் பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில். பிரேக் தட்டு தேய்ந்த தூள், கியர் தேய்ந்த தூள் எல்லாம் இந்த ஃபில்டருக்குத்தான் வரும். இங்கே நடக்கும் தப்பு வேறு மாதிரி. இன்னும் மெல்லிய காகிதம் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்து வேறு ஃபில்டர் வாங்குவார்கள். பம்ப் ஆயிலை இழுக்கும் பக்கத்தில் இருக்கும் ஃபில்டருக்கு அது ஆகாது. காலைக் குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது பம்புக்குப் போதிய ஆயில் கிடைக்காமல் கத்தும், லிஃப்ட் விக்கி விக்கி ஏறும். பிரஷர் பக்கம் மாட்டுகிறது என்றால் டப்பாவே அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும், அங்கே தகரம் மெல்லிசாக இருந்தால் வெடிக்கும். எந்தப் பக்கம், எவ்வளவு என்று நாமே கணக்குப் பார்ப்பதை விடக் கம்பெனி நம்பரை வாங்கி மாட்டிவிட்டுப் போவது நல்லது. இது எப்போதாவதுதான் மாற்றுவது, வருஷக் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக வராது. பவர் ஸ்டியரிங்குக்குத் தனி ஃபில்டர் இருந்தால் அதற்கும் இதே கதைதான்.

போலியைக் கண்டுபிடிப்பது

விலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. போலிக்காரன் கொஞ்சம்தான் குறைத்துக் கொடுப்பான். பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம் வருடம், செய்தவர் பெயர் முகவரி, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் இருக்க வேண்டும், அது சட்டம். கியூஆர் கோடு இருந்தால் கடையிலேயே போனை எடுத்து ஸ்கேன் செய்யுங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். பெட்டியில் உள்ள பேட்ச் நம்பரும் டப்பாவில் அடித்திருக்கும் எண்ணும் பொருந்துகிறதா பாருங்கள். மரைக்குள் பெயின்ட் வழிந்திருப்பது, வாஷர் பள்ளத்தில் சரியாக உட்காராமல் இருப்பது, எழுத்து மங்கலாக அச்சாகியிருப்பது, பழையதை விட எடை குறைவாக இருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று திருப்பிவிடுங்கள்.

எனக்கு ஒரு முறை ஒரு கடையில் கொடுத்த ஃபில்டர் பெட்டி நிஜம், உள்ளே இருந்தது வேறு சரக்கு. யாரோ வீசிய காலிப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அன்றிலிருந்து நான் பெட்டியை முழுசாக வீசுவதில்லை, கிழித்துத்தான் போடுகிறேன். பழைய டப்பாவையும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி ஆயிலை வடித்தபின்தான் காயலான் கடைக்குப் போடுகிறேன்.

வாங்கும் நேரமும் மாட்டும் முறையும்

மேட்டூர் திறப்பது வழக்கமாக ஜூன் 12. அதற்கு முன்னால், மே மாதத்திலேயே இரண்டு வண்டிக்கும் ஒரு செட் வாங்கி வைத்துவிடுவேன். நடவு நேரத்தில் கடையில் நல்ல சரக்கு தீர்ந்து, இருப்பதை மாட்டச் சொல்வார்கள். அவசரத்தில்தான் லோக்கல் அதிகம் விற்கிறது. வாங்கியதை ஷெட்டில் புழுதிபட வைக்காமல் பெட்டியோடு, எலி போகாத இடத்தில் வையுங்கள். எலி கடித்த ஏர் ஃபில்டரைப் பார்த்தவன் சொல்கிறேன்.

மாட்டும் முன் பழைய ஃபில்டரின் வாஷர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வாஷர் சேர்ந்தால் ஓடும்போது பிய்த்துக்கொண்டு ஆயில் முழுக்கக் கொட்டும். புது வாஷரில் சுத்தமான ஆயிலைத் தடவி, வாஷர் தொட்டதும் அதற்கு மேல் முக்கால் சுற்று, கையால் மட்டும். டப்பாவிலேயே எத்தனை சுற்று என்று போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனர் கழற்றுவதற்குத்தான். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் லைட் அணைந்ததும் கீழே குனிந்து கசிவு பாருங்கள். நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து, ஃபில்டர் குடித்த அளவு ஆயிலைச் சேருங்கள். பெயின்ட் மார்க்கரால் டப்பாவில் அன்றைய ஹவர் மீட்டர் எண்ணையும் ஃபில்டரின் பிராண்டையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை மாற்றுவது நீங்களாக இருக்காது, டிரைவராகவோ மெக்கானிக்காகவோ இருக்கலாம்.